சத்தத்தில் தூங்கிய குழந்தை

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். நானே சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்வதற்கு மிச்சம் இருக்காது பாருங்கள். பொங்கலூருக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் எட்டு மெஷின் போட்டு நானும் என் வீட்டுக்காரரும் பனியன் தைத்துக் கொடுக்கிறோம். திருப்பூரிலுள்ள ஓர் ஏற்றுமதிக் கம்பெனி துணியை அனுப்பும். நாங்கள் வெட்டி, தைத்து, பிசிறு எடுத்துத் திருப்பி அனுப்புவோம். நான் சொல்லப்போகும் சமயத்தில் எங்களுக்கு வந்துகொண்டிருந்ததெல்லாம் வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு. ஒரு கையில் நாலு உடுப்பைப் பிடித்துவிடலாம், அவ்வளவு சின்னது. மெஷின் ஓடும்போது பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இருபது வருஷமாகக் கத்திக் கத்தி, கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்லும்போதுகூட நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரல் எனக்கு.

இன்னொரு குணமும் உண்டு. ஒரு சந்தேகம் வந்தால் அதைத் துருவிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. கரண்ட் பில் ஏன் கூடியது என்பதிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். இந்தப் பேச்சை நான் இப்போதெல்லாம் யாரைப் பற்றியும் சொல்வதில்லை, ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எங்கள் ஷெட்டில் துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் ஒரு பெண் உட்காருவாள். தென்காசிப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் அடுத்த மெஷின். வந்து சேர்ந்தபோது அவள் இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. பார்த்துக்கொள்ள இங்கே யாரும் இல்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதற்கென்ன, கூட்டிக்கொண்டு வா என்று சொன்னவள் நான்தான்.

கட்டிங் மேசைக்கு அடியில், வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பழைய சேலையை விரித்துக் குழந்தையைப் படுக்கப்போடுவாள். எட்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும். தகரக் கூரை அந்தச் சத்தத்தை இரண்டு மடங்காக்கித் திருப்பி அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அந்தக் குழந்தையோ வாயைத் திறந்துகொண்டு, கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கும்.

அடடா, அதை நாங்கள் மெச்சிய மெச்சு இருக்கிறதே! வந்தவர் போனவரிடமெல்லாம் கட்டிங் மேசையைக் குனிந்து காட்டுவேன். பிறந்தால் இப்படியல்லவா ஒரு குழந்தை பிறக்க வேண்டும் என்பேன். என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம் அது. அவள் குழந்தை கடுகு வெடித்தால்கூட எழுந்துகொண்டு ஊரைக் கூட்டும். மகளைக் கூப்பிட்டுக்கொண்டுபோய் மூட்டைகளுக்கு நடுவில் தூங்குகிறதைக் காட்டி, எல்லாம் பழக்குவதில் இருக்கிறது என்று உபதேசம் வேறு செய்தேன். அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

குழந்தைக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. அதுவும் யாருக்கும் உறுத்தவில்லை. சில குழந்தைகளுக்கு மெதுவாகத்தான் வரும் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னோம். தவிர, அது எங்களோடு 'பேசிக்கொண்டுதான்' இருந்தது. மெஷின் சத்தத்தில் நாங்கள் எல்லோரும் கையால்தான் பேசுவோம். நூல் தீர்ந்தால் விரலைச் சுழற்றுவது, தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்ப்பது, டீ வந்துவிட்டதென்றால் உள்ளங்கையை அசைப்பது. அந்தக் குழந்தை அத்தனையையும் கற்றுக்கொண்டுவிட்டது. விரலைச் சுழற்றினால் ஓடிப்போய் நூல்கண்டை எடுத்துவரும். கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று கொஞ்சினோம்.

அந்த வருஷம் தேர்தல் வருஷம். மாலை நாலு மணிக்கு டீக்காக மெஷின்களை நிறுத்தினால் கால் மணி நேரம் எங்கள் ஷெட்டில் அரசியல்தான். ஒரு கட்சி, ஆட்சிக்கு வந்தால் பதினெட்டு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமல் அரசாங்கமே மருத்துவக் காப்பீடு கொடுக்கும் என்று சொல்லியிருந்தது. ஏற்கெனவே குடும்பத்துக்கு ஒரு காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதற்கு வருமானச் சான்று வேண்டும். வரம்புக்கு மேலே இருந்தால் அட்டை கிடையாது. அந்த வரம்பை எடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை.

எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. என்னோடு மல்லுக்கட்டுகிறவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகத் திருப்பூரில் இருப்பவர். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசுவார். குழந்தைக்கு ஏது வருமானம், வருமானமே இல்லாத ஆளிடம் வருமானச் சான்று கேட்பது என்ன நியாயம் என்பார். அப்படியென்றால் பெரிய காரில் வந்து இறங்குகிறவன் பிள்ளைக்கும் நாம் கட்டுகிற வரியிலிருந்து வைத்தியமா, கேட்கவே வயிறு எரிகிறதே என்பேன் நான். அவன் பிள்ளையும் பிள்ளைதானே, அதற்குத் தனியாக நோய் வருகிறதா என்பார். இருப்பது ஒரு குண்டான் சோறு, பசிக்கிறவனுக்கு முதலில் போட வேண்டாமா என்பேன். யாருக்குப் பசி என்று வாசலில் நின்று சான்று கேட்கிற நேரத்தில் சோறு ஆறிப்போகும் என்பார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு மூன்றாவது கட்சி. காப்பீடே வேண்டாம், அந்தப் பணத்தையெல்லாம் கொண்டுபோய்த் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொட்டுவதற்குப் பதில் தாலுகாவுக்கு ஒரு நல்ல அரசு ஆஸ்பத்திரி கட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, எழுந்துபோய் மெயின் சுவிட்சைப் போட்டுவிடுவார். சத்தம் கிளம்பியதும் விவாதம் முடிந்துவிடும். தென்காசிப் பெண் இதிலெல்லாம் வாயே திறந்ததில்லை. டீயை ஆற்றிக் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருப்பாள். நீ எந்தப் பக்கம் என்று நான் ஒருநாள் கேட்டதற்குச் சிரித்துவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

இப்படி இருக்கும்போது ஆடிட் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள், தங்கள் உடுப்பைத் தைக்கிற இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். வருவதற்கு முன்பே ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பட்டியல் கொடுத்துவிடுவார். தீயணைக்கும் சிலிண்டர் தொங்க வேண்டும். முதலுதவிப் பெட்டி வேண்டும். எல்லோருக்கும் வருஷம் முழுவதும் தடங்கலில்லாமல் வேலையும் முழுச் சம்பளமும் கொடுத்ததாகச் சம்பளச் சீட்டு வேண்டும். ஷெட்டுக்குள் குழந்தைகள் இருக்கவே கூடாது.

சம்பளச் சீட்டை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். ஆர்டர் இல்லாமல் மெஷினுக்குத் துணி போர்த்தி வைத்திருந்த மாதங்களுக்கும் முழு நாள் வேலை என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். ஆடிட் முடிந்ததும் ஃபைல் பீரோவுக்குள் போய்விடும், அடுத்த ஆடிட்டுக்குத்தான் வெளியே வரும். எங்களை மாதிரி சின்ன ஷெட்டுக்காரர்களுக்கு இது பொய் என்றே தோன்றாது. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் கட்டிலுக்கு மேலே நல்ல விரிப்பைப் போடுவதில்லையா, அந்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம்.

குழந்தையை அன்று காலையில் என் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். நடையில் உட்கார வைத்து ஒரு கூடை நிறையத் துணி கிளிப்பைக் கொடுத்தேன். அதுபாட்டுக்கு ஒவ்வொன்றாக என் சேலை முந்தானையில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன். ஆடிட்காரர்கள் வந்திருந்ததால் மெஷின்களை நிறுத்தி எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெட் அமைதியாக இருந்தது. வேலை நாளில், பகல் நேரத்தில் எங்கள் வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

குக்கர் விசிலடித்தது. எங்கள் குக்கர் விசில் தெருமுனை வரைக்கும் கேட்கும். நானே திடுக்கிட்டேன். குழந்தை கிளிப் மாட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது விசில். அப்போதும் தலை நிமிரவில்லை. மெல்ல எழுந்து அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "கண்ணு" என்றேன். என் குரலைப் பற்றித்தான் சொன்னேனே. திரும்பவில்லை. சமையற்கட்டிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து கரண்டியால் தட்டினேன். இல்லை. எவர்சில்வர் மூடியைத் தரையில் விட்டேன். சட்டென்று திரும்பிப் பார்த்தது! அப்பாடா என்று மூச்சு வந்தது. ஆனால் எனக்கு அங்கேயும் சந்தேகம். மூடி சத்தம் போட்டதால் திரும்பியதா, தரை அதிர்ந்ததால் திரும்பியதா? ஒரு மெத்தையை விரித்து அதன் மேல் குழந்தையை உட்கார வைத்துவிட்டு மறுபடி மூடியை விட்டேன். மூடி கணகணவென்று சுற்றிச் சுற்றி ஆடி நின்றது. குழந்தை தன் காலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் என் நிழல் எதிர்ச் சுவரில் விழுந்ததைப் பார்த்துத் திரும்பி, உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற மாதிரி சிரித்தது.

ஆடிட்காரர்கள் கிளம்பிப் போனதும் தென்காசிப் பெண்ணைச் சமையற்கட்டுக்கு அழைத்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுற்றி வளைக்கவும் எனக்கு வராது. பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

"என்னக்கா சொல்லுதீங்க? மெஷின் சத்தத்துலயே கெடந்த புள்ள. அதான் சின்னச் சத்தத்தச் சட்ட பண்ண மாட்டா" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, நான் ஊரெல்லாம் சொன்ன பேச்சுத்தானே அது. பின்னால் நின்று நீயே கூப்பிட்டுப் பார் என்றேன். கூப்பிட்டாள். அவள் குழந்தையை அழைக்கிற செல்லப் பேர் ஒன்று உண்டு, அதைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவை வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கிளிப் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்கவில்லை என்று உறுதியாயிற்று. டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனார். தென்காசிப் பெண்ணுக்கு ஒன்றும் ஏறவில்லை. அவள் மனதில் ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது போல. "மெஷினுக்குப் பக்கத்துல நான்தான் போட்டேன், டாக்டர். அந்தச் சத்தத்துலயா போச்சு?" என்று கேட்டாள். அது பிறவியிலேயே வந்தது, உன் மெஷினால் இல்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. காதுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைப்பது, வெளியே ஒரு கருவி மாட்டுவது. ஆனால் மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் வயது ஓடிக்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான், சீக்கிரம் வாருங்கள் என்றார். கைக்காசில் செய்கிற காரியமில்லை அது. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதிலேயே செய்துவிடலாம். தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறதா என்று கேட்டார். எட்டு மெஷின் ஷெட்டுக்கு அது கிடையாது. ஆக, அட்டைதான். அட்டைக்கு வருமானச் சான்று.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டார்கள். விசாரணைக்கு வி.ஏ.ஓ. எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது நான் பல்லடம் போயிருந்தேன். சம்பளத்துக்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து ஆடிட் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டார். வேறெந்த யோசனையும் இல்லை அவருக்கு. அரசாங்க ஆள் காகிதம் கேட்டார், இவரிடம் இருந்த காகிதம் அது ஒன்றுதான்.

சான்று வந்தது. புருஷன், பெண்டாட்டி இருவர் சம்பளத்தையும் சேர்த்து வரம்புக்கு மேலே. கலெக்டர் ஆபீசில் அட்டை கொடுக்கிற இடத்திலிருந்த பெண் தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறாள், இந்தச் சான்றுக்கு அட்டை போட முடியாதுங்க என்று. தென்காசிப் பெண் திரும்பி வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் மெஷினில் உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் புருஷன்தான் டீ நேரத்தில் என்னிடம் காகிதத்தை நீட்டினான். அன்று டீ நேரத்தில் யாரும் அரசியல் பேசவில்லை. கட்டிங் மாஸ்டர் என்னைப் பார்க்காமல் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நான் சண்டை போட்டிருப்பேன்.

காகிதத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தொகை நான் குண்டு குண்டாக எழுதிய தொகை. வரம்பு வேண்டும், வரம்பு வேண்டும் என்று கத்தியவள் நான். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் வரம்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தவளும் நான்தான். கட்டிங் மேசைக்கு அடியில் அது விரலைச் சுழற்றி யாரிடமோ நூல் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். உண்மையான சம்பளத்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் பீரோவைப் பூட்டிவிட்டு, "நாம சீட்டுல பொய் எழுதுனோம்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா அடுத்த லாட் வராது, அம்மிணி. எட்டுக் குடும்பம் இந்த ஷெட்டை நம்பித்தான் இருக்குது" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த எட்டில் தென்காசிக் குடும்பமும் ஒன்று.

வி.ஏ.ஓ.விடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். வேறு சீட்டு எழுதித் தருகிறேனே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏனுங்க, அந்தச் சீட்டுல ஒண்ணு, இந்தச் சீட்டுல ஒண்ணுன்னா நான் எதைங்க நம்பறது? முதல் சீட்டு பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மறுவிசாரணைக்கு அனுப்பறேன்" என்றார். நியாயமான மனுஷன். பேனாவைக்கூட எடுத்து நீட்டினார். நான் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஊருக்கே நியாயம் பேசுகிற வாய், ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றதும் எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கே வியப்பாக இருந்தது. கட்டிங் மேசைப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

மே தினத்தன்று எங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கம்பெனிகள் விடுமுறை என்பதால் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் முடிந்த பிறகு கட்டிங் மாஸ்டர் எழுந்து, வருமான வரம்பில்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் காப்பீடு கொடுக்க வேண்டுமென்று அரசைக் கேட்டுக்கொள்வதாக ஒரு தீர்மானத்தைப் படித்தார். உடனே சலசலப்பு. வரம்பை எடுத்தால் உண்மையான ஏழைக்குக் கிடைக்காது என்றார் ஒருவர். வெளியூர்க்காரர்களுக்கும் சேர்த்தா என்றார் இன்னொருவர். பின்னால் நின்றிருந்த ஒடிசாத் தொழிலாளி ஒருவர், இங்கேயே பிறந்த எங்கள் குழந்தைக்கும் உண்டா என்று உடைந்த தமிழில் கேட்டார். ஊராட்சித் தலைவர் அடுத்த ஆளைப் பேசச் சொன்னார்.

அப்போது முன்வரிசையிலிருந்த, ஊரில் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, வரம்பு ஏன் வேண்டும் என்று அக்கா நன்றாகச் சொல்லும், எழுந்து சொல்லச் சொல்லுங்கள் என்றார். என் வாதம் ஊர் முழுக்கப் பிரசித்தம் அல்லவா. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். தென்காசிப் பெண் பந்தல் காலோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தை மைக்கின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் பேசியதில் ஒரு வார்த்தைகூட அதற்குப் போய்ச் சேரவில்லை என்ற நினைப்பு வந்தது.

"வரம்பு வேணும்னு நானுந்தானுங்க சொல்லீட்டுத் திரிஞ்சேன்" என்றேன். "அந்தா நிக்குதே, அந்தக் கொளந்தைக்குக் காது கேக்காது. ஆபரேசன் பண்ணுனா கேக்கும். அட்டை இல்லீங்க. அதோட அப்பன் ஆத்தாளுக்கு வருசம் முச்சூடும் வேலை குடுத்தோம்னு நாங்க ஆடிட்டுக்குச் சீட்டு எழுதி வெச்சிருந்தோம். அது பொய்ங்க. நாலு மாசம் எங்க ஷெட்டுல மெஷினே ஓடுல. அந்தப் பொய்யிதான் அவங்களை வரம்புக்கு மேல ஏத்தி உட்டிருச்சு. எழுதுனது என்ற கை."

என் குரலுக்கு மைக் தேவையே இருந்திருக்காது, ரோட்டில் போனவர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தார். தலை குனிந்திருந்தார். எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தார். "என்ற சம்சாரம் சொல்றது நெசந்தானுங்க. கையெழுத்து நான் போட்டது" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பொதுக்கூட்டத்தில் பேசி நான் பார்த்தது அது ஒன்றுதான். அவ்வளவு பேருக்கு நடுவிலும் அவர்மீது எனக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

கூட்டத்துக்கு வந்திருந்த வி.ஏ.ஓ. மேசையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தோம். தீர்மானத்தைப் பற்றி அதற்கப்புறம் அதிகம் விவாதம் நடக்கவில்லை. கைதூக்கச் சொன்னார்கள், பாதிக்கு மேல் தூக்கினார்கள். நோட்டில் ஏறிற்று. அதன்பின் அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. துருவித் துருவிக் கேட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மறுவிசாரணை நடந்து புதுச் சான்று வந்தது, அதைக் காட்டி அட்டை வாங்கினார்கள். ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ஒரு போன் மட்டும் வந்தது, இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று. குழந்தை உடுப்பு அதோடு நின்றது. இரண்டு மாதம் மெஷின் மேல் துணி போர்த்தித்தான் இருந்தது. மூன்று பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அவர்களை நான் குறை சொல்ல முடியாது. பிறகு உள்ளூர் டி-ஷர்ட் வேலை கிடைத்தது. கூலி குறைவு. இப்போது ஐந்து மெஷின் ஓடுகிறது.

கட்டிங் மாஸ்டர் போகவில்லை. டீ நேரத்தில் ஒருநாள், "மொதலாளியம்மா, இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் டீயைக் குடியுங்கள் என்றேன். நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெரிய காரில் வருகிறவன் பிள்ளைக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், கோட்டைப் போடுகிற கை யாருடையது, அது எந்தக் காகிதத்தைப் பார்த்துப் போடுகிறது என்று கேட்கப் பழகிவிட்டேன். அந்த ஒடிசாக்காரர் கேட்ட கேள்வியும் எனக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறிய பிறகு வெளிக்கருவியை மாட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். காது கேட்க ஆரம்பித்துவிட்டது என்று அவள் சொல்வாளே தவிர, நான் பார்த்ததில்லை. எனக்குப் பார்க்காவிட்டால் நம்பிக்கை வராது என்பதுதான் தெரியுமே.

இரண்டு மாதம் கழித்துத் தென்காசிப் பெண் வேலைக்குத் திரும்பிய அன்று குழந்தையையும் கூட்டி வந்திருந்தாள். டீ நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. குழந்தை நேராக ஓடிப்போய்க் கட்டிங் மேசைக்கு அடியில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. காதுக்குப் பின்னால் வட்டமாக ஒரு சின்னக் கருவி. எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தோம். டீ முடிந்தது. யாரும் எதையும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்துபோய் வழக்கம்போல மெயின் சுவிட்சைப் போட்டார், ஐந்து பேரும் பெடலை மிதித்தார்கள்.

குழந்தை வீறிட்டது. மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறியது. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று காதைப் பொத்துவார்களே, அதே மாதிரி. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தென்காசிப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். "இனி இவ இங்க தூங்க மாட்டாக்கா" என்றாள்.

நான் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அன்று முழுக்க அதைத் திரும்பப் போடவில்லை.